கிரேக்கத்துக்கும் இத்தாலிக்கும் நடுவே

ரஹ்மத் காயல்பட்டினத்துக்காரி. அமெரிக்காவில், டெக்சாஸில் காப்பெல் ஊர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உலக வரலாறு நடத்தினாள். பண்டைய கிரேக்கம் என்றால் அவளுக்கு உயிர். ஏதென்ஸ் நகர ஆண்கள் குன்றின் மேல் கூடிக் கை தூக்கி முடிவெடுத்ததைச் சொல்வாள்; பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அங்கே கை கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொல்வாள். எழுத்தைக் கிரேக்கர்கள் பினீசியர் என்ற கடல் வணிகரிடம் வாங்கினார்கள் என்பாள். பிற்காலத்தில் பாக்தாத் அறிஞர்கள் அவர்களுடைய ஏடுகளை அரபியாக்கிக் காப்பாற்றினார்கள், அவற்றில் பல அந்த வழியாகத்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பின என்று முடிப்பாள்.

இந்தக் கடைசிப் பகுதிதான் வினையானது. முக்காடு போட்ட ஆசிரியை கிரேக்கத்துக்குள் தன் மதத்தை நுழைக்கிறாள் என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். தலைமை ஆசிரியை அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"பாக்தாத் வகுப்பை மட்டும் விட்டுவிடுங்களேன், ரஹ்மத்."

"அதில் தப்பு இருக்கிறதா?"

"தப்பென்று யாரும் சொல்லவில்லை. பிரச்சினை வேண்டாம் என்கிறார்கள்."

"எனக்கும் பிரச்சினை வேண்டாம். பாடம் வேண்டும்."

விஷயம் பள்ளி வாரியத்துக்குப் போனது. வீட்டில் கணவன் உஸைர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கிரீன் கார்டு கைக்கு வர்ற நேரம். இப்பப் போய் எதுக்கு வம்பு? ஒரு கிளாஸ்தானே, ஸ்கிப் பண்ணிடேன்."

"நம்ம ஊர்ல யூனானி வைத்தியம்னு சொல்றோமே, யூனான்னா என்னங்க? கிரீஸ்தான். அந்தப் பேரே அரபு வழியா வந்தது. நான் எதையும் நுழைக்கல. இருக்கறத மறைக்கச் சொல்றாங்க."

"கரெக்ட்தான், ஆனா..."

"அந்த ஆனாவை நீங்களே வச்சுக்கங்க."

மகள் மஹா போனிலிருந்து தலையைத் தூக்கி, "கோ அண்ட் ஸ்பீக், உம்மா," என்றாள்.

வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் நேரம் வந்தது. வர மாட்டேன் என்று சொன்ன உஸைர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரஹ்மத் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுப் பேசினாள்.

"கிரேக்க மூலம் தொலைந்துபோய் அரபியில் மட்டுமே மிஞ்சிய மருத்துவ ஏடுகள் உண்டு. நான் சொல்வது பொய் என்றால் நிரூபியுங்கள், நானே நீக்கிவிடுகிறேன். பிடிக்கவில்லை என்பதற்காக நீக்க மாட்டேன். நீங்கள் ஓட்டுப் போடப் போகிறீர்கள். ஏதென்ஸும் ஓட்டுப் போட்டது. கேள்வி கேட்ட ஒரு கிழவரை ஓட்டுப் போட்டுத்தான் கொன்றது."

கூட்டத்தில் ஒருவர் மட்டும் கை தட்டினார். வாரியம் ஓட்டுப் போட்டது. பாக்தாத் தோற்றது. அந்த வகுப்பை எடுக்கக் கூடாது, அது சம்பந்தமான படங்கள் சுவரில் இருக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது.

மறுநாள் ரஹ்மத் படங்களைக் கழற்றினாள். ஆனால் இடத்தை நிரப்பவில்லை. சுவரின் ஒரு முனையில் ஏதென்ஸ், மறுமுனையில் மறுமலர்ச்சிக் கால இத்தாலி. நடுவே பல நூற்றாண்டு அகலத்துக்கு வெறும் வெள்ளைச் சுவர். பாடம் அந்த இடத்துக்கு வந்ததும் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி கேட்டாள்: "மிஸ், இவ்வளவு காலமும் இந்தப் புத்தகங்கள் எங்கே இருந்தன?"

"நல்ல கேள்வி," என்று ரஹ்மத் பதில் சொல்ல ஆரம்பித்தாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

செய்தி கேட்டுத் தலைமை ஆசிரியை வந்தார். சுவரைப் பார்த்தார்.

"என்ன இது?"

"நீங்கள் எடுக்கச் சொன்ன இடம். எடுத்துவிட்டேன்."

"பாடம் நடத்தியிருக்கிறீர்கள்."

"பதில் சொன்னேன். கேட்டால் பதில் சொல்லாதே என்று உத்தரவில் இல்லை."

"அடுத்த வருடம் வரலாறு உங்களுக்குக் கிடையாது. புவியியல்தான் தர முடியும்."

"தாருங்கள். பாக்தாத் அதிலும் இருக்கிறது."

அன்று சாயங்காலம் உஸைரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு லேப்டாப்பைத் திறந்தான்.

"எவ்வளவு பெரிய வேர்ல்ட் மேப் வேணும்? சொல்லு, ஆர்டர் பண்றேன்."

"இருக்கறதுலயே பெருசு," என்றாள் ரஹ்மத்.