ஜுரு திருப்பத்தில் நான்கு குதிரைகள்

சுங்கை பினாங் அடுக்குமாடிகளிலிருந்து ஜுருவிலுள்ள மின்னணுத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஜெயராஜுடையது. பதினைந்து ஆண்டுகளில் அது ஒருமுறையும் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததில்லை. இதை அவர் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் சொல்லும் தேவை எழவில்லை. சென்ற மாதம் தொழிற்சாலை ஒரு புதிய விதியை அறிவித்தது: தக்க காரணமின்றித் தாமதமாக வரும் வேனின் தடம் வேறொருவருக்குத் தரப்படும். மற்ற ஓட்டுநர்கள் முணுமுணுத்தனர். ஜெயராஜ் அறிவிப்பைப் படித்துவிட்டு வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்த வேனில் ஓட்டுநருக்கு நேர் பின்னிருக்கை ரமணிக்குரியது. தரச் சோதனைப் பிரிவில் பணியாற்றும் அவர், ஆங்கில நாவல்களை வீட்டில் படித்துவிட்டுக் காலையில் வேனில் தமிழில் சொல்வார். நாற்பது வயதாகியும் திருமணம் செய்துகொள்ளாததற்கு அவர் யாருக்கும் விளக்கம் தந்ததில்லை. கதை சொல்வதில் மட்டும் அவருக்குக் கொள்கை உண்டு: புத்தகத்தில் இருப்பதை விடக்கூடாது; இல்லாததைச் சேர்க்கக்கூடாது.

அப்போது நடந்துகொண்டிருந்த கதை, இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தைச் சேர்ந்த பிலிப்பா என்பவளுடையது. தந்தை இறந்ததும் அவருடைய பயணவண்டித் தொழிலை ஏற்று, நான்கு குதிரை பூட்டிய வண்டியைத் தானே ஓட்டியவள். லண்டன் சீமாட்டிகள் அவளை விருந்துக்கு அழைப்பதை நிறுத்தினார்கள். விருந்துகள் அவளுக்கு முன்பே சலித்திருந்தன. தாமதமாக வந்த ஒரு பிரபுவுக்காகக் காத்திருக்க மறுத்து, அவள் வண்டியைக் கிளப்பிவிட்டாள். அவர் வாடகைக் குதிரையில் துரத்திவந்து அடுத்த சத்திரத்தில் ஏறிக்கொண்டார். காதல் அங்கே தொடங்கியது.

“அவ தொப்பி என்ன கலரு?” என்று கேட்டார் நூர்ஜான். வேனில் மூத்தவர் அவர்தான்.

“புத்தகத்துல போடலக்கா.”

“போட்டிருக்கணும்லா. பச்சைன்னு வெச்சுக்குவோம்.”

“நீங்க வெச்சுக்குங்க. நான் சொல்ல மாட்டேன்.”

ஜெயராஜ் தொப்பிகளில் அக்கறை காட்டியதில்லை. பிலிப்பா மலைச்சரிவில் வண்டியைத் திருப்பிய காலையில்தான் முதன்முறையாக வாய் திறந்தார். “முன்னால ரெண்டு, பின்னால ரெண்டா?”

“ஆமாண்ணே.”

“அப்போ பின்னால உள்ளது இடிச்சிக்கிட்டு வரும். புள்ள கெட்டிக்காரிதான்.” அன்றிலிருந்து வேனில் வானொலி ஒலிக்கவில்லை.

தீவிலிருந்து பெருநிலத்துக்குப் போகும், எப்போதும் நெரிசலான கடற்பாலம் அந்த வியாழக்கிழமை வெறிச்சோடிக் கிடந்தது. கரையேறி நெடுஞ்சாலையில் திரும்பியபோது, கதையில் மழை பெய்துகொண்டிருந்தது. பிலிப்பா கடிவாளத்துடன் வண்டியின் மேலிருக்க, பிரபு சேற்றில் நின்றார்.

“‘இறங்கி வா, பிலிப்பா. என் பொண்டாட்டி வண்டி ஓட்டிப் பொழைக்க வேண்டியதில்ல’ங்கிறாரு,” என்றார் ரமணி.

“ஆரம்பிச்சிட்டான்லா,” என்றார் நூர்ஜான்.

“சும்மா இருங்கக்கா. அவ கடிவாளத்தை விடல. அவரையே பாக்குறா...”

வேனில் எல்லாரும் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்தார்கள். ஜெயராஜ் இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து நேர்ப்பார்வையாக ஓட்டினார். இடப்பக்கம் ஜுருவின் பெயர்ப்பலகை வந்தது. வேன் திரும்பாமலே அது கடந்தும் சென்றது. அடுத்த ஊரின் பலகையைப் பார்த்தவர் நூர்ஜான்.

“அண்ணே! இது சிம்பாங் அம்பாட்லா!”

ஜெயராஜின் பிடரி சிவந்தது. நெடுஞ்சாலையில் பின்னோக்கி வர இயலாது. சிம்பாங் அம்பாட்டில் இறங்கித்தான் திரும்ப வேண்டும். அவர் வேனை இடப்பக்கம் ஒதுக்கினார். பிறகு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“லேட்டு லேட்டுதான். அவ என்ன சொன்னா?”

ரமணி தொண்டையைச் சரிசெய்துகொண்டார். “‘நான் எறங்குனா நாலு குதிரையும் நின்னுடும். நீங்க ஏறுனா யாருக்கும் நட்டமில்ல. நனையாம மேல வாங்க’ங்கிறா.”

வேன் அதிரக் கைதட்டினார்கள். தங்கள் வருகைப் பதிவைப் பற்றி அந்த நேரத்தில் யாரும் நினைக்கவில்லை.

தொழிற்சாலை வாயில் தெரிந்தபோதுதான் நினைத்தார்கள். “பாலத்துல ஜேம்னு சொல்லிடுங்கண்ணே,” என்றார் நூர்ஜான். “எல்லாரும் அதைத்தானே சொல்றாங்க? பாலம் வந்து சாட்சி சொல்லுமா?”

ஜெயராஜ் வேனை நிறுத்திவிட்டு இறங்கினார். ரமணி பின்தொடர்ந்தார்.

போக்குவரத்து அலுவலர் சுஹானா இளையவர், கனிவானவர். அவர் விரல்கள் ஏற்கெனவே விசைப்பலகையில் இருந்தன. “பாலத்துல ஜேமா அண்ணே?”

ஆம் என்ற ஒரு சொல் போதும், தடம் அவர் கையிலேயே இருக்கும்.

“இல்ல மிஸ். பாலம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் திருப்பத்தை விட்டுட்டேன்.”

சுஹானா தலைநிமிர்ந்தார். “நீங்களா?”

“நான் கதை சொல்லிக்கிட்டிருந்தேன்,” என்றார் ரமணி. “அண்ணன் கேட்டுக்கிட்டிருந்தாரு. முக்கியமான இடம்.”

“அக்கா, இதை நான் மேனேஜர்கிட்ட எப்படிச் சொல்றது?”

“நடந்ததைச் சொல்லுங்க.”

சுஹானா மேலாளரின் அறைக்குள் சென்றார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யாரோ ஏதோ கேட்பதும், அவர் கைகளை விரித்து விளக்குவதும் தெரிந்தன. அவற்றுள் ஓர் அசைவு கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் இருந்தது. திரும்பி வந்தபோது அவர் முகத்தில் அலுவலகக் களை முழுமையாகத் திரும்பியிருக்கவில்லை.

“பாலம் இல்லாத காரணத்தை அவரு கேக்குறது இதுதான் மொத தடவையாம். தடம் உங்களுக்குத்தான் அண்ணே. ஆனா இன்னொரு தடவை ஆச்சுன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது.”

“ஆகாது மிஸ்.”

வெளியே வந்ததும் ரமணி நின்றார். “நான் இனிமே வேன்ல சொல்லலண்ணே.”

“சொல்லுங்க,” என்றார் ஜெயராஜ். “திருப்பத்தைப் பாக்குறது என் வேலை. ரெண்டையும் செய்ய முடியலன்னா நான் என்ன டிரைவரு?”

ரமணி தலையசைத்துவிட்டுத் தன் பிரிவுக்கு நடந்தார். பதினைந்தாண்டு ஓட்டுநர் ஒருவரைத் திருப்பம் மறக்கச் செய்த குரல் தன்னுடையது என்பது வழியில்தான் அவருக்கு உறைத்தது. வெள்ளை மேலங்கியை அணிந்துகொண்டபோது வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றார்.

வேன்கள் நிற்கும் வளாகத்தில் மற்றோர் ஓட்டுநரான தயாளன் காத்திருந்தார். செய்தி அவருக்கு முன்பே எட்டியிருந்தது.

“என்னண்ணே, நீங்களே லேட்டா? பாலம்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும்லா.”

“முடிஞ்சிருக்கும். அப்புறம் நாளைக்கு அந்தப் புள்ள மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

“எந்தப் புள்ள? ரமணியா?”

“பிலிப்பா.”

தயாளன் யோசித்தார். “யாரண்ணே அது? கிலாங் வேலைக்குப் புதுசா வந்த ஆளா?”

ஜெயராஜ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்துத் தோளில் போட்டார்.

“நம்ம ஆளுதான்,” என்றார். “டிரைவரு.”