ஏழடிக் கதவு

அமீனா பீ ஒன்றை முடிவு செய்துவிட்டால் செய்ததுதான். அடையாறு வீட்டின் மூன்று அறைகளுக்கும் ஏழடி உயரத்தில் கதவு கொண்டுவரச் சொல்லிவிட்டாள். அந்த அறைகளின் வாசல் உயரமோ இப்போது ஐந்தே முக்கால் அடி.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் அவள் புருஷன் வலியுல்லாதான். போன மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நின்றது. மனுஷன் ரோஷக்காரர். இனி ஒரு சொட்டு உள்ளே வரக்கூடாது என்று வீடு முழுக்கத் தரையை ஓர் அடி உயர்த்தி, பளபளவென்று டைல்ஸும் போட்டுவிட்டார். தெரு வாசலை நாலு பேர் பார்ப்பார்களே, அதற்கு மட்டும் மேலே சுவரை வெட்டி நிலையை ஏற்றி வைத்தார். உள்வாசல்களை யார் பார்க்கப் போகிறார்கள்? தரை ஏறியது, அவை இருந்த இடத்திலேயே இருந்தன. தண்ணீரில் ஊறி உப்பிய பழைய கதவுகளைத் தூக்கிப் போட்டாயிற்று. வலியுல்லா நல்ல குள்ளம். ஒவ்வொரு வாசலிலும் ஒரு தடவை நுழைந்து பார்த்தார், தலையில் இடிக்கவில்லை. அத்தோடு சோதனை முடிந்தது.

இடித்தது ஃபைசானுக்கு. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஒரே பிள்ளை. கல்யாணமானதிலிருந்து பாலவாக்கத்தில் வாடகைக்கு இருக்கிறான். தரை வேலை முடிந்ததும் பெண்டாட்டி சிம்ராவோடு இங்கேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தவன், உள்ளே போகும்போது நெற்றியில் ஒன்று, திரும்பும்போது ஒன்று வாங்கிக்கொண்டான். தேய்த்துக்கொண்டே சிரித்தான். கிளம்பும்போதுதான் அம்மாவிடம் அதைச் சொன்னான்.

"அம்மி, நாங்க இன்னும் கொஞ்ச நாள் பாலவாக்கத்துலயே இருந்துக்கறோம்."

கொஞ்ச நாள் என்று தனியாக இருந்துவிட்ட பிள்ளைகளில் யார் திரும்பி வந்திருக்கிறார்கள்? அன்றைக்கே அமீனா பீ, வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் லாரன்ஸுக்குப் போன் போட்டாள். வலியுல்லாவோ குட்டைக் கதவு தேடிக் கடை கடையாக அலைந்துகொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் அஸர் தொழுகை முடிந்து வந்தபோது மூன்று கதவுகளும் கூடத்துச் சுவரில் சாய்ந்து நின்றன. பக்கத்தில் லாரன்ஸ்.

"இன்னா இது? வாசலுக்கு மேல ஒரு அடி நீட்டிக்கினு கீது. அளவு தெரியாம வாங்கிட்டியா?"

"அளவு தெரிஞ்சிதான் வாங்கினேன். கதவு சரியாத்தான் கீது. செவுருதான் தப்பு."

"இப்பதான பெயிண்டு அடிச்சி முடிச்சேன்? திரும்ப ஒடைக்கச் சொல்றியா? உம்புள்ள கொஞ்சம் குனிஞ்சி போனா இன்னா கொறைஞ்சிடுவான்?"

அமீனா பீக்கு வந்ததே கோபம். ஆனால் குரலை உயர்த்தவில்லை.

"தெரு வாசலுக்கு ஒடைச்சீங்கல்ல? வர்றவன் போறவன்லாம் நிமிந்து வரணும், பெத்த புள்ள குனிஞ்சி போவணுமா? நீங்க குனியாத வூட்ல எம்புள்ள மட்டும் எதுக்குக் குனியணும்?"

வலியுல்லா லாரன்ஸைப் பார்த்தார். அவனாவது முடியாது என்று சொல்வான் என்ற நப்பாசை.

"தாங்குற பீம் எல்லாம் மேல கீது பாய். இன்ஜினியர இட்டாந்து காட்டிட்டோம். தெரு வாசல் மாதிரியே ஏத்திக்கலாம்."

"தூசி பறக்குமே" என்றார் கடைசியாக.

"பறக்கட்டும்."

பறந்தது. சோற்றில் தூசி, படுக்கையில் தூசி, வலியுல்லாவின் தாடியில் தூசி. வாய் ஓயாமல் முணுமுணுத்தார், ஆனாலும் லாரன்ஸ் கதவு மாட்டுகையில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று இவர்தான் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஃபைசான் வந்தான். காதில் போன். யாரிடமோ ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டே கூடத்தைத் தாண்டி அறைக்குள் போனான். அமீனா பீ அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து நின்றாள். அவன் நடை தளரவில்லை, தலை குனியவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. பேச்சு மும்முரத்தில் வெளியே வந்தான், அடுத்த அறைக்குள் நுழைந்தான், அங்கிருந்தும் வந்தான்.

"கண்டுக்கவே இல்லியே. இவ்ளோ செஞ்சிருக்கோம், ஒரு வார்த்த சொல்றானா பாரு" என்று வலியுல்லா அவள் காதருகே பொருமினார்.

அவள் அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். பேசாமல் இருக்கச் சொல்லும் அழுத்தம் அது.

ஃபைசான் போனை வைத்தான். அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தான்.

"அம்மி, சிம்ராவோட பீரோவ இந்த ரூம்லயே வெச்சிக்கலாமா?"