முருகனுக்கு ஒரு சுவர்

அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த வெற்றுச் சுவரைத் தடவிப் பார்த்தாள் அவள். புதுப் பெயிண்ட் உள்ளங்கையில் குளிர்ந்தது. குடிவந்து பதினாறு நாளாகியும் சட்டம் போட்ட முருகன் தரையில், பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்றில் சாய்ந்தபடிதான் இருந்தார்.

இந்த நாட்டுக்கு வந்து பதினோரு வருஷம், எல்லாம் வாடகை வீடுகள். ஆணி அடிக்கக் கூடாது என்பது எல்லா வீட்டுக்காரர்களும் பாடும் பல்லவி. அதனால் முதல் வீட்டில் அவர் ஃபிரிட்ஜ் மேல் குடியிருந்தார். அடுத்ததில் வாஷிங் மெஷின் மேல். துணி பிழியும்போது கண்ணாடிக்குள் மயில் கிடுகிடுவென்று ஆடும். 'கொஞ்சம் பொறுத்துக்கோப்பா, நமக்குன்னு ஒரு வீடு வரட்டும்' என்று சட்டத்தைப் பிடித்துக்கொண்டே வேண்டிக்கொள்வாள். வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஆஸ்பத்திரிப் போர்வைகளை மடிக்கையில், வெள்ளைக்குள் வெள்ளையாக ஒரு சுவர் அவள் கண்ணுக்குள் எழும்பிக்கொண்டே இருக்கும்.

வீடும் வந்தது. கணவன்தான் பிடிகொடுக்கவில்லை. லிப்ட் மெக்கானிக், வாரமெல்லாம் ஊரார் சுவரைத் துளைப்பவன், சொந்தச் சுவர் என்றதும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். சோம்பல் என்றே நினைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளே ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறியதும்தான் வாய் திறந்தான்.

"அஞ்சே வருஷத்துல ஊருக்குத் திரும்பிடுறேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டு வந்தவன் நான். வாரா வாரம் கேக்குறாரு. வீடு வாங்கினதையே இன்னும் சொல்லல. சாமியையும் மாட்டிட்டா... அவ்வளவுதான், இல்ல?"

அவளுக்குக் கோபம் வடிந்துபோயிற்று. மேலிருந்து பார்த்தபோது, அவன் உச்சியில் எப்போது நரைத்தது என்றே தெரியவில்லை.

"முருகனுக்கு மலை இருக்கு, மயில் இருக்கு. எங்க வேணா இருந்துப்பாரு. சுவர் நமக்குத்தாங்க வேணும்."

அவன் ஸ்டூலைப் பிடித்து அவளை இறக்கிவிட்டான். பிறகு டிரில் மெஷினை எடுத்துவந்து, தன் கண் மட்டத்தில் பென்சிலால் புள்ளி வைத்தான். ஏழு வயது மகள் அண்ணாந்து பார்த்தாள்.

"அவ்ளோ மேலயா? எனக்கு சாமி மூஞ்சி தெரியாதேப்பா."

"நீ வளந்துடுவடி."

"அதுவரைக்கும்?"

புள்ளியை அழித்தான். மகளைச் சுவரோரம் நிறுத்தி மட்டம் பார்த்து, மண்டியிட்டுத் துளைத்தான்.

படம் ஏறியது. முகம் பார்க்கப் பெரியவர்கள் இருவரும் தரையில் உட்கார வேண்டியிருந்தது. "இப்பவே சொல்லிடுங்க" என்று அவள் போனை நீட்டினாள். திரையில் மாமனார் முகம் தெரிந்ததும், அவன் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"சொந்த வீடாடா?"

"ஆமாப்பா."

அவள் கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கிழவர் தொண்டையைச் செருமினார்.

"இடப்பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு. நேரா வைடா."

ஒற்றை விரலால் சட்டத்தை நிமிர்த்தினான். நிமிர்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை. துளையிலிருந்து கிளம்பிய வெண்பொடி ஜன்னல் வெயிலில் மிதந்தது. மகள் ஊத ஊத, இறங்காமல் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.