வாய் அகட்டிய கொக்கி

டயகம தேயிலைத் தோட்டத்து மேல்மலையில் கொழுந்து மூட்டைகளைக் கொக்கியால் கம்பியில் மாட்டி, கீழே ஃபெக்டரிக்கு இறக்கிவிடுகிறவள் பேச்சியம்மா. முந்தாநாள் கொக்கி ஒன்று பாதிவழியில் முறிந்து, மூட்டை ஓடையில் போய் விழுந்தது. ஒரே கொக்கியில் இரண்டு மூட்டை மாட்டிவிட்டாள் என்று ஃபெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் தம்பிராசா ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். கைநாட்டு வைத்தால் வேலையும் போகும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும்.

"இதிலை விரலை வை. ரெண்டு மூட்டை கொழுவாமல் இரும்பு என்னெண்டு முறியும்?"

பேச்சியம்மா சாக்குக்கு அடியிலிருந்து இரண்டு கொக்கிகளை எடுத்தாள். ஒன்று பழையது, குறுகிய வாய். மற்றது போன மாதம் தம்பிராசா சொல்லி அடித்தது. சட்டென்று மாட்டிக் கழற்ற, வாயை நாலு விரல் அகட்டியிருந்தார்கள். இரண்டும் ஒரே பென்சில் தடிப்புதான். இரண்டிலும் காலையிலேயே சுண்ணாம்பு பூசிக் காயவைத்திருந்தாள்.

"வெத்தலைக்கு வச்சத இரும்புக்குக் குடுத்துட்டாளே!" என்றான் ஃபிட்டர் நல்லமுத்து. கொழுந்துக் கூடைகளோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள்.

"நெறுத்த மூட்டய நீயே தூக்கி மாட்டு, அண்ணே. ஒத்த மூட்டதான்," என்றாள் பேச்சியம்மா.

பழைய கொக்கியில் மாட்டினான். சுண்ணாம்பு அப்படியே இருந்தது. அதே மூட்டையைப் புதியதில் மாட்டினான். கொக்கி மெல்ல விரிந்தது. உள்வளைவில் சுண்ணாம்பு மயிரிழை மயிரிழையாக வெடித்து உதிர்ந்தது.

"பாத்தீங்களா? பாரம் கம்பியில ஓடுற கப்பிக்கு நேர் கீழ தொங்குது. கொக்கியோட முதுகு நாலு விரல் தள்ளி நிக்குது. இழுக்கவும் செய்யுது, வளைக்கவும் செய்யுது. உள்பக்கம் ரெண்டு இழுப்பும் சேருது. அங்கதான் முறிஞ்சுச்சு. கப்பியில மிஞ்சுன துண்டு அந்தா கெடக்கு, எடுத்துப் பாருங்க."

தம்பிராசா பார்க்கவில்லை. "வாய் காட்டாதை. முதல்லை மூட்டையளைக் கொழுவு."

"பழைய கொக்கி வரட்டுங்க."

அவள் மூட்டைகளின்மேல் உட்கார்ந்துகொண்டாள். மற்றப் பெண்களும் கூடைகளை இறக்கிவைத்தார்கள். கம்பி நின்றது. மூடுபனி வந்து மூடி, விலகி, மறுபடி மூடியது. கட்டிக்கிடந்த கொழுந்து சூடேறத் தொடங்கிய மணம் எல்லாருடைய மூக்கிலும் ஏறியது. இன்னும் ஒரு மணி நேரம் போனால் சிவந்து கெட்டுவிடும். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் டீமேக்கர்தான்.

தம்பிராசா குனிந்து முறிந்த துண்டை எடுத்தார். விரலால் உள்வளைவைத் தடவினார். வெடிப்பு அங்கிருந்துதான் தொடங்கியிருந்தது.

"நல்லமுத்து, பழசுகளைக் கொண்டுவா."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"ஐயா," என்றாள் பேச்சியம்மா, எழுந்திருக்காமலே. "அந்தத் தாளு உங்க பையில இருக்கிறவரைக்கும் கம்பி ஓடாது."

நல்லமுத்து நின்றான். பெண்கள் நின்றார்கள். தாள் கிழியும் சத்தம் மலையில் எல்லாருக்கும் கேட்டது.

அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முதல் மூட்டையைத் தூக்கினாள்.