மைக்குக்குள் ஓர் எலி

வாசிப்பாளருக்கு முழங்கை மடிப்பில் எக்ஸிமா என்னும் தோல் அரிப்பு. நாவல்களை ஒலிப்புத்தகங்களாக வாசித்துக் கொடுப்பது அவர் தொழில். அரிப்புக்கும் மைக்குக்கும் ஏழாம் பொருத்தம்.

"நிறுத்துங்கண்ணே," என்றாள் கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவுக்காரி. "கதாநாயகி உயிர விடுறா. பக்கத்துல எலி அட்டைப்பெட்டியக் கொறிக்குது."

"எலி இல்லம்மா, நான்தான்."

"எலின்னா விரட்டிடுவேனே! நாளைக்குக் கடைசி அத்தியாயம். இப்படியே போனா வேற குரல் பார்த்துக்கிறேன்னு பதிப்பாளர் சொல்லிட்டார்."

வீட்டுக்குப் போனதும் ஆவி பறக்கும் தண்ணீரில் கையை நீட்டினார். அப்பாடா என்றிருந்தது. மனைவி குழாயை மூடினாள்.

"டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே! சுடுதண்ணி தோல காயவைக்கும். காய்ஞ்ச தோல் அரிக்கும். சொறிஞ்சா புண்ணாகும், புண்ணானா இன்னும் அரிக்கும்னு."

"இப்ப சுகமா இருக்கேடி."

"இருக்கும். அப்புறம் இந்தக் கம்பளிச் சட்டை வேற! வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு குத்துது குடையுதுன்னா?"

"ஸ்டுடியோ குளிருது."

"பருத்திச் சட்டைக்கு மேல பருத்திச் சட்டை போடுங்க. செவப்பு கொறஞ்சதும் மருந்த மூலையில வீசுறதும் நீங்கதான்."

மறுநாள் வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று குளித்தார். சிவந்த இடத்தில் டாக்டர் தந்த மருந்து. மற்ற இடங்களில் ஈரம் காயுமுன்னே களிம்பு. நகத்தை ஒட்ட வெட்டினார். அரித்தால் ஒத்தி எடுக்க, துணி சுற்றிய குளிர்பொதி ஒன்றும் ஸ்டுடியோவுக்குக் கூடவே போனது.

கடைசி அத்தியாயத்தில், உயிர்விட்ட கதாநாயகியின் கட்டிலருகே அவள் அப்பா பேச்சற்று நிற்கிறார். அந்த மௌனத்தையும் வாசித்தாக வேண்டும். மூச்சை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருந்தார். அப்போதுதானா வர வேண்டும்? முழங்கை மடிப்பில் எறும்பு ஊர்வலம் கிளம்பியது. விரல்கள் துடித்தன. சொறிந்தால் வேலை போச்சு. குளிர்பொதியை மெல்ல எடுத்து அழுத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஊர்வலம் தயங்கியது, கலைந்தது. மிச்ச வரிகளை வாசித்து முடித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால், ஒலிப்பதிவுக்காரி கண்ணை மூடிக் கழுத்தைப் பறட்டு பறட்டென்று சொறிந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எப்போ சொறிவீங்க, எப்போ சொறிவீங்கன்னு பார்த்துப் பார்த்து எனக்கே வந்துடுச்சுண்ணே!"

"எக்ஸிமா ஒட்டாதும்மா."

"எக்ஸிமா ஒட்டாது. அரிப்பு ஒட்டுதே!"

"சரி, பதிவு?"

"பளிங்கு மாதிரி இருக்கு. பதிப்பாளருக்கு இப்பவே அனுப்பிடறேன்... கொஞ்சம் பொறுங்கண்ணே, ரெண்டு கையும் வேலையா இருக்கு."