இலட்சுமிப்பிள்ளையக்கா நிற்கும் இடம்

லவன் வீட்டு முற்றத்தில் ஒரு கொங்கிறீற் தட்டு மட்டும் தாழ்ந்து கிடக்கிறது என்பதை முதலில் கண்டவள் நான். தேடிப் போய்க் கண்டதல்ல. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் உள்ள ஓலைவேலியில், ஓலை விலகி ஓட்டையான ஒரு பொட்டு இருக்கிறது. அது என் குசினி யன்னலுக்கு நேரே இருப்பது என் குற்றமில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டா தேங்காய் துருவ முடியும்?

லவன் கனடாவில் இருக்கிறான். தாய் இலட்சுமிப்பிள்ளையக்காவின் ஆட்டைத் திவசம் முடிந்த கையோடு, முற்றத்து மணல் வீட்டுக்குள் வருகிறது என்று சொல்லி, படலையிலிருந்து குசினிப் பக்கம் வரை சதுரம் சதுரமாகக் கொங்கிறீற் தட்டுகள் பதிக்க வைத்தான். எங்கள் ஊர் சுருவில் முழுக்க மணலில் நடக்க, அந்த வளவுக் கோழிகள் மட்டும் கொங்கிறீற்றைக் கொத்திச் சொண்டு நோகத் திரிந்தன. உள்ளே வருகிற மணலைக் கூட்டுவது அன்னபூரணம் அக்கா. அந்த மணலால் கரைச்சல்பட்டது ரொறொன்ரோவில் இருந்தவன்.

அன்னபூரணம் அக்கா அந்த வீட்டுக்குச் சொந்தக்காரியுமில்லை, வேலைக்காரியுமில்லை. இலட்சுமிப்பிள்ளையக்கா பாயில் விழுந்த நாளிலிருந்து கண் மூடும்வரை பார்த்தவர். தாயின் செத்தவீட்டை லவன் போனில் பார்த்தான். தலைமாட்டில் நின்று போனைப் பிடித்தவரும் இவர்தான். தன் வீடு சண்டையில் போய்விட்டது, பிள்ளை குட்டியும் இல்லை. அதனால் பின்னறையில் இருந்துகொண்டு விளக்கு வைத்து, வளவு கூட்டி, வீட்டைப் பூச்சி புழு தின்னாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பின்னறையை விட்டால் அவருக்குப் போக இடமில்லை. இது ஊருக்குத் தெரியும், லவனுக்கும் தெரியும்.

தட்டு தாழ்ந்ததும் ஊர்காவற்றுறையிலிருந்து மேசன் றொபின்சன் வந்தான். எதற்கும் காரணம் சொல்லத் தெரிந்த ஆள். மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டாலும் சீமெந்துக் கலவையில் பிழை கண்டுபிடிப்பான். அலவாங்கை விளிம்பில் கொடுத்துத் தட்டைத் தூக்கி, கீழே மணலும் கல்தூளும் போட்டு, கட்டையால் இடித்து இறுக்கி, திரும்ப இருத்தி நீர்மட்டத்தை மேலே வைத்தான். குமிழி நடுவில் வந்து நின்றது. இனி யானை ஏறினாலும் அசையாது என்று சொல்லிப் படமெடுத்துக் கனடாவுக்கு அனுப்பினான்.

அடுத்த கிழமை தட்டு திரும்பவும் தாழ்ந்திருந்தது. நடுவில் அல்ல, வேலிப் பக்கத்து விளிம்பில்.

அகழான் எலி வளை தோண்டியிருக்கும் என்றான் றொபின்சன். சல்லியும் சீமெந்தும் போட்டு அடைத்தான். அதுவும் தாழ்ந்தது. பிறகு, அன்னபூரணம் அக்கா அந்த இடத்தில் குளிக்கிறாவோ, உடுப்புத் தோய்க்கிறாவோ, தண்ணி இறங்கி நிலம் இளகுகிறது என்று தன் தலையைக் காப்பாற்ற லவனுக்கு ஒரு கதை சொன்னான். லவன் அன்றே போன் எடுத்தான். அன்னபூரணம் அக்கா போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு கதைக்கிறவர், ஆகவே முழுக்க எனக்கும் கேட்டது.

"அக்கா, நான் அடுத்த மாசம் வாறன். வரேக்கை முற்றம் மட்டமா இருக்கவேணும். ஒரு தட்டைப் பாக்க ஏலாட்டி, வீட்டை எப்பிடிப் பாப்பியள்? பிறகு நான் வேறை ஒழுங்குதான் பாக்கவேணும்."

"ஓம் தம்பி" என்றார் அன்னபூரணம் அக்கா. போன் நின்ற பிறகும் கையை மடக்காமல் அப்படியே நின்றார். அவர் குளிப்பது கிணற்றடியில். அந்தத் தட்டில் ஒரு செம்புத் தண்ணீர்கூட அவர் ஊற்றிக் கண்டதில்லை. நான் காணாத ஒன்று அந்த வளவில் நடந்திருக்க வாய்ப்புக் குறைவு.

அந்த நாட்களில்தான் சத்தம் கேட்கத் தொடங்கியது. காலையில் சமையலோடு சமையலாக, பாரிசிலிருக்கும் என் மகள் நிசாந்தினியோடு போனில் கதைப்பேன். கதை தொடங்கினால் வேலிக்கு அந்தப் பக்கம் 'டொக்' என்று கேட்கும். ஆடுகிற தட்டில் ஒருவர் காலை வைத்தால் கேட்குமே, அந்தச் சத்தம். பொட்டால் பார்த்தால் ஒருவருமில்லை. வெயில்தான் நிற்கும். அயலட்டைக் கதை வந்து நான் குரலைத் தாழ்த்தும்போது இன்னொரு 'டொக்' கேட்கும், முதல் சத்தத்தைவிடக் கிட்ட.

நான் அதை ஒருவருக்கும் சொல்லவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள்.

மூன்றாம் முறை றொபின்சன் தட்டைத் தூக்கியபோது நானும் போனேன். வேலிக்குள்ளால் பார்த்துக் கழுத்து நோகிறது, நேரே பார்க்கலாம் என்று. அவன் அலவாங்கை நெம்பித் தட்டை நிமிர்த்திச் சுவரில் சாய்த்தான். கீழே, அவன் போன முறை போட்டு இறுக்கிய சீமெந்தும் சல்லியும் கல்லாகிக் கிடந்தன. அந்தக் கல்லில் இரண்டு குழி இருந்தது.

வளையுமில்லை, தண்ணீர் அரித்த பள்ளமுமில்லை. இரண்டு பாதம், வேலியைப் பார்த்தபடி. குதிக்கால் பட்டும் படாமலும் இருந்தது. விரல்கள் மட்டும் ஆழமாக இறங்கியிருந்தன. எட்டி நின்றால் அப்படித்தான் இறங்கும். இடது பாதத்தில் நாலு விரல்.

தட்டின் அடிப்பக்கத்தை றொபின்சன் தடவிப் பார்த்தான். அதில் ஒரு அடையாளமுமில்லை, வழுவழுவென்று இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவனிடம் காரணம் இல்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பின்னேரம் வாறன் என்று சொல்லிவிட்டு அலவாங்கையும் விட்டுவிட்டுப் போனான்.

அன்னபூரணம் அக்கா குந்தியிருந்து அந்த இடது பாதத்தைப் பார்த்தார். சீனி வருத்தத்தில் இலட்சுமிப்பிள்ளையக்காவின் சின்னவிரலைப் பெரியாஸ்பத்திரியில் எடுத்த பிறகு, அந்தக் காலுக்கு மருந்து கட்டியவர் அவர். அவருக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை.

எனக்கும் தேவையில்லை. அந்த இடம் எனக்கு நன்றாகத் தெரியும். வருசக் கணக்காக இலட்சுமிப்பிள்ளையக்கா காலைச் சாப்பாடு முடிந்ததும் அங்கே வந்து, பொட்டுக்குக் காதைக் கொடுத்து, குதிக்காலைத் தூக்கி நின்று, என் குசினியில் என்ன கதை நடக்கிறது என்று கேட்பார். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அவர் நிற்கிறாரா என்று பார்க்க நானும் இந்தப் பக்கம் எட்டி நிற்பேன். அப்படியே எங்கள் சிநேகிதம் வளர்ந்தது. நேரே கண்டால் சாப்பிட்டாச்சா என்பதற்கு மேல் கதைத்ததில்லை.

"நிசாந்தினி போன பிறகு உம்மடை குசினியிலை சத்தமில்லை" என்றார் அன்னபூரணம் அக்கா, குழியிலிருந்து கண்ணை எடுக்காமல். "போனிலையும் குசுகுசுக்கிறீர். அவவுக்குக் கேக்குதில்லை. எட்டி எட்டி நிக்கிறா. கொஞ்சம் பலமாக் கதையும் கோசலா. எனக்கு வேறை போக்கிடம் இல்லை."

ஊருலகத்தில் ஒரு மனுசி என்னிடம் வந்து, பலமாக ஊர்ப் புதினம் சொல்லு என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

றொபின்சன் பின்னேரம் வரவில்லை. அடுத்த நாள் ஒரு கூட்டாளியோடு வந்து, குழியை நிரப்பித் தட்டை இருத்திவிட்டுத் திரும்பிப் பாராமல் போனான். நான் மறுநாள் காலை அடுப்பை மூட்டிவிட்டு யன்னலடியில் நின்று தொடங்கினேன். பவதாரணியின் மருமகன் பஸ்ஸுக்குள் யாரோடு இருந்தான், கோயில் கூட்டத்தில் யார் யாரைப் பேசியது, மண்கும்பானில் யாருடைய மாடு யாருடைய பயிருக்குள் நின்றது. வெறும் வேலிக்குச் சொல்வது முதலில் வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் வெட்கம் போய், ருசி வந்துவிட்டது. இடையில் கேள்வி கேட்டு மறிக்காமல் கேட்கிற ஆள் எங்கே கிடைக்கும்?

தட்டு தாழவில்லை. ஆனால் ஒருமுறை, கதை சுவைக்கட்டும் என்று மாட்டை இரண்டாக்கிச் சொன்னேன். 'டொக்' என்றது. ஒரு மாடுதான் என்று திருத்திய பிறகே அடங்கியது. உயிரோடு இருந்தபோதும் நான் கூட்டிச் சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். நான் உலைக்கு அரிசி போட்டேன். பயந்தால் சோறு வேகாது.

லவன் வந்தான். பெட்டியை இறக்கியதும் நேரே குசினிப் பக்கம் போய்த் தன் போனைத் தட்டின் மேல் வைத்து மட்டம் பார்த்தான். மட்டமாகத்தான் இருந்தது. நல்ல வேலை என்று றொபின்சனைப் புகழ்ந்தான். அன்னபூரணம் அக்காவின் முகத்தில் அன்று கண்ட வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவனுக்கென்று ஒடியல் கூழ் காய்ச்சினார்.

புறப்படுவதற்கு முதல்நாள் காலை, அந்த இடத்தில் நிழல் இருந்ததால் பிளாஸ்ரிக் கதிரையைப் போட்டு, அந்தத் தட்டிலேயே இருந்துகொண்டு பெண்சாதியோடு போனில் கதைத்தான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நயினாதீவுக் கோயிலுக்கு வருகிற ஆட்கள் தங்குவதற்கு வீட்டை ஒருவரிடம் குடுக்கப்போகிறானாம். பின்னறையும் வேணுமாம். அக்காவை முதியோர் இல்லத்தில் விட ஒழுங்கு செய்தாச்சாம். முன்னமே சொன்னால் அழுவா, நாளைக்குப் போகும்போது படலையடியில் சொல்லலாமாம்.

உள்ளே அன்னபூரணம் அக்கா அவன் கொண்டுபோக மிளகாய்த்தூள் வறுத்துக்கொண்டிருந்தார். வாசம் என் குசினிவரை வந்தது.

துருவலையைக் கழுவி வைத்துவிட்டு யன்னலடிக்குப் போனேன். நான் செய்ததெல்லாம் தினமும் செய்ததுதான். அன்றைய புதினத்தைச் சொன்னேன்.

"இலட்சுமிப்பிள்ளையக்கா, இண்டைக்கு உங்கடை வீட்டுப் புதினம்தான். உங்கடை காலுக்கு மருந்து கட்டினவவை லவன் நாளைக்கு வெளியிலை விடப்போறான்."

"ஆரோடை கதைக்கிறியள் கோசலாக்கா?" என்றான் லவன், வேலிக்கு அப்பாலிருந்து.

நான் 'டொக்' கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கோழிகள்கூடக் கொத்துவதை விட்டு நின்றன. பொட்டால் பார்த்தேன்.

தட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லை, உடையவில்லை. கரையில் நிற்கிற வள்ளத்தில் ஒரு ஆள் ஏறினால் விளிம்பு தாழுமே, அப்படி. கதிரையின் முன்கால்கள் சரிய, லவன் இரண்டு கையாலும் அதைப் பிடித்தான். மடியிலிருந்த போன் வழுக்கிப்போய் வேலியடியில் விழுந்தது. அதற்குள்ளிருந்து அவன் மனுசி ஹலோ ஹலோ என்றது எனக்கு வடிவாகக் கேட்டது.

மழை கண்டு மாதக்கணக்கு. வெயிலில் வெளுத்திருந்த அந்தக் கொங்கிறீற்றில் ஈரம் ஊறி வந்தது. முதலில் விரல்கள், பிறகு உள்ளங்கால். இந்த முறை குதிக்கால் முழுதாகப் பதிந்திருந்தது. பாதங்கள் வேலியைப் பார்க்கவில்லை. திரும்பி, கதிரையில் இருந்தவனைப் பார்த்து நின்றன.

அவன் அவற்றைப் பார்த்துவிட்டு அன்னபூரணம் அக்காவைக் கூப்பிட்டான். குரல் சின்னப் பிள்ளையின் குரல்போல வந்தது.

"அம்மாக்கு விரல் எடுத்தது எந்தக் காலிலை?"

"இடதுகால் தம்பி. சின்னவிரல்" என்றார் அவர், அகப்பையோடு குசினி வாசலில் வந்து நின்று. பிறகு அவரும் கீழே பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. ஈரத்தைக் கண்டால் துடைக்கிற கை, தோளில் கிடந்த துவாயைத் தொட்டுவிட்டு நின்றது.

லவன் கதிரையை விட்டு எழும்ப முயன்று முடியாமல், அப்படியே இருந்து சொன்னான். "நீங்கள் இஞ்சையே இருங்கோ அக்கா. இருக்குமட்டும் இருங்கோ."

ஈரம் காய்ந்தது. மறுநாள் படலையடியில் அவன் சொன்னதெல்லாம், மிளகாய்த்தூள் நல்ல வாசம் என்பதுதான். வாகனத்தில் ஏறிப் போனவன் வேலிப் பக்கம் திரும்பவே இல்லை. அன்னபூரணம் அக்கா இப்போதும் பின்னறையில்தான் இருக்கிறார். தட்டு தானாக மேலே வந்து மட்டமாகி நிற்கிறது. அது தன் வேலைத்திறமை என்று றொபின்சன் ஊர்காவற்றுறை முழுக்கச் சொல்லித் திரிகிறானாம், ஆனால் பார்க்க மட்டும் வரமாட்டான்.

எனக்குத்தான் ஒரு சின்னக் கரைச்சல். என் வளவில் தட்டுமில்லை, கொங்கிறீற்றுமில்லை. காலையில் ஈர்க்குமாறு போட்டுக் கூட்டிய மணல்தான். கூட்டிவிட்டுக் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்துத் திரும்பினால், என் யன்னலுக்கு நேர் கீழே இரண்டு பாதம் இருக்கிறது. இடதில் நாலு விரல். குதிக்கால் பட்டும் படாமலும், விரல்கள் ஆழமாக. பொட்டால் கேட்டது போதாது போலும்.

ஆகவே என்னிடம் ஏதாவது சொல்ல வருகிறவர்கள் உள்ளதை உள்ளபடி, கொஞ்சம் பலமாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் கேட்கிறோம்.