திருப்பிக் கொடுத்ததற்கான காரணம்

கண்ணாடிக் கடைக்காரருக்கு எதைப் பார்த்தாலும் இரண்டாக வைத்துக் கேட்கிற வியாதி. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் மூக்கின்மேல் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "முன்னாடி போட்டது தெளிவா, இப்பப் போட்டது தெளிவா?" என்று கேட்டுக் கேட்டு வந்த வினை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் இதே கேள்விதான். ஒருமுறை மாப்பிள்ளையிடமே கேட்டுவிட்டு, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆகவே வீடியோ கேம்களின் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று எது வந்தாலும் அவருக்குக் கை அரிக்கும். பெரிய ஆட்டக்காரர் ஒன்றும் இல்லை. மதியம் கடையை ஒரு மணி நேரம் சாத்தும்போது, கண் பரிசோதனை அறையில் உட்கார்ந்து, ஒரு கையில் சாப்பாட்டு டப்பாவும் மறு கையில் மவுஸுமாக ஆடுகிறவர். வாழ்நாளில் முழுசாக முடித்த ஆட்டம் ஒன்றே ஒன்று.

அந்த வாரம் மூன்று ஆட்டங்களின் அடுத்த பாகம் சொல்லிவைத்தாற்போல் சேர்ந்து வந்தது. மூன்றையும் வாங்கினார். அவருடைய கருத்து இது: கார்ப் பந்தயத்தின் ஐந்தாம் பாகத்தில் மரத்தில் மோதினால் கார் நசுங்கும், ஆறாம் பாகத்தில் கார் நசுங்கி, மரத்திலிருந்து இலையும் உதிர்கிறது. அவர் மோதுவது மட்டும் மாறவில்லை. யுத்த விளையாட்டின் மூன்றாம் பாகத்தில் எதிரி அவரை மூன்று நிமிடத்தில் சுட்டான். நான்காம் பாகத்திலும் அதே மூன்று நிமிடத்தில்தான் சுட்டான், ஆனால் இந்த முறை அவன் நெற்றி வியர்வைகூடத் துல்லியமாகத் தெரிந்தது.

மூன்றாவது, 'குடைக்கடை' இரண்டாம் பாகம். வம்பு அதில்தான் வந்தது. அதைச் செய்தவள் அவருடைய மச்சினி.

மச்சினியும் படம் வரைகிற அவளுடைய தோழியும் இரண்டே பேராக உட்கார்ந்து செய்கிற ஆட்டம். மழை விடாத ஓர் ஊர், அதில் ஒரு குடை பழுதுபார்க்கும் கடை. கம்பியை நிமிர்த்த வேண்டும், துணியை ஒட்டுப்போட வேண்டும், அவ்வளவுதான். சுடவும் வேண்டாம், மோதவும் வேண்டாம். அவர் முழுசாக முடித்த அந்த ஒரே ஆட்டம் இதன் முதல் பாகம்தான்.

இரண்டாம் பாகம் வெளிவரும் முன்பே மச்சினி ஃபோன் பண்ணினாள். "மாமா, உங்களுக்கு ஒண்ணு ஃப்ரீயா அனுப்பி வைக்கிறேன்."

"ஓசியில ஆடுற ஆள் நான் இல்லம்மா. காசு குடுத்துதான் வாங்குவேன். கலைஞர்களை மதிக்கத் தெரிஞ்ச குடும்பம் இது," என்றார். பக்கத்தில் இருந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னார்.

வாங்கவும் செய்தார். ஆனால் ஆட்டம் விற்கிற அந்த இணையக் கடையில் ஒரு வசதி உண்டு. இரண்டு மணி நேரத்துக்குள் ஆடிப் பார்த்து, பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், காசு வந்துவிடும். தன் கடையில் 'விற்ற கண்ணாடி திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது' என்று கொட்டை எழுத்தில் பலகை மாட்டியிருக்கும் மனிதருக்கு இந்த வசதி மிகவும் பிடித்திருந்தது. காரைத் திருப்பினார். யுத்தத்தைத் திருப்பினார். கை பழகிவிட்டது, குடையையும் திருப்பினார்.

காரணம் இல்லாமல் இல்லை. புதுப் பாகத்தில் நாம்தான் கடைக்காரப் பெண். ஆனால் வெளியே வருவதில்லை. உள் அறையில் உட்கார்ந்து, சுவரில் இருக்கும் ஒரு சின்னத் திறப்பு வழியாகக் குடைகளை வாங்கிப் பழுது பார்த்துத் தருகிறோம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தினமும் ஓர் ஆள் வருகிறான். பெரிய கறுப்புக் குடைக்கு அடியில் அவன் முகமே தெரியாது. குடையைப் பிடித்துக்கொண்டே, "என் குடையைக் காணோம், இங்க விட்டுட்டுப் போனேனா?" என்று கேட்கிறான். பிறகு கடி ஜோக் ஒன்று. அதைத் தாண்டிப் போகவும் வழியில்லை; முழுசாகக் கேட்டால்தான் அடுத்த குடை வரும். ஒன்றே முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுக்கும் பக்கத்துக்குப் போனார். 'திருப்பிக் கொடுத்ததற்கான காரணம்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதை யார் படிக்கப் போகிறார்கள், ஏதாவது எந்திரம் படிக்கும் என்று நினைத்துக்கொண்டு, எந்திரமும் கொஞ்சம் சிரிக்கட்டும் என்று தமிழிலேயே தட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினி மதியச் சாப்பாட்டுக்கு வந்தாள். வந்தவள் தட்டைத் தொடவில்லை.

"என்னடி, முகம் இப்படி இருக்கு?" என்றாள் மனைவி. மனைவிக்கு டிரைவிங் ஸ்கூலில் வேலை. தனக்கென்று தனி பிரேக் வைத்த காரில் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, எப்போது மிதிக்க வேண்டும் என்று பழகியவள்.

"ஆட்டத்தைத் திருப்பிக் குடுக்கிறவங்க எழுதுறதெல்லாம் எங்களுக்கு வரும்க்கா. பேர் வராது, எழுதினது மட்டும் வரும்."

சோற்றுக்குள் போன கண்ணாடிக்காரரின் விரல்கள் அங்கேயே நின்றன.

"எல்லாரும் ஏதோ ரெண்டு வார்த்தை எழுதுறாங்க. தமிழ்ல வந்தது ஒண்ணே ஒண்ணுதான். நம்ம ஆள் யாரோ எழுதியிருக்காங்கன்னு ஆசையாத் திறந்தேன்." செல்ஃபோனை எடுத்துப் படித்தாள்.

"'முதல் பாகம் தங்கம். ரெண்டாவதுல ஒரு ஆள் குடையைப் பிடிச்சுக்கிட்டே குடையைக் காணோம்னு தினமும் வர்றான். ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தேன், சகிக்கல. மறு கண்ணை மூடிப் பார்த்தேன், அப்பவும் சகிக்கல. ரெண்டையும் மூடினேன், காது திறந்திருக்கு. இவன் வாயை மூட ஒரு பொத்தான் வெச்சிருந்தாப் போதும், காசைத் திருப்பிக் கேட்டிருக்கவே மாட்டேன்.'"

குழம்புக் கரண்டி பாதி வழியில் நின்றது. மனைவி கணவனைப் பார்த்தாள். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய்விட்டு ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கும் மாணவனை அவள் பார்க்கிற பார்வை அது. அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டார். எதையும் சரியாகப் பார்க்க விரும்பாத நேரங்களில் அப்படித்தான் செய்வார்.

"எவனோ வேலை வெட்டி இல்லாதவன்," என்றார்.

"அப்படியும் சொல்ல முடியாது மாமா. நல்லாத்தான் எழுதியிருக்கான். அதான் வலிக்குது. தோழியும் நானும் பேசிட்டோம், அந்தக் குடைக்காரரை எடுத்துடலாம்னு. புதன்கிழமை நாலு மணிக்கு ஆட்டத்தை மாத்தி நெட்ல ஏத்திடுவோம்."

"ஐயையோ, அந்த ஆளு பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான். எதுக்கு எடுக்கணும்?"

மச்சினியின் முகம் மலர்ந்தது. "நீங்க மூணாவது மழை தாண்டிட்டீங்களா மாமா?"

மூன்றாவது மழை என்றால் மூன்றாவது அத்தியாயம். அவர் முதல் மழையிலேயே கரையேறிவிட்டவர்.

"தாண்டிட்டேன்."

"அப்ப அவர் யாருன்னு பார்த்துட்டீங்க."

"பார்க்காம?"

"கோவம் இல்லையே?"

"எனக்கென்ன கோவம்!"

"நீங்க சொல்லவே இல்லையேன்னு இருந்தேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒருவழியாகத் தட்டை இழுத்து வைத்தாள். "உங்களுக்குப் பிடிச்சிருந்தா எனக்கு அது போதும் மாமா. ஆனா மத்தவங்களுக்கு எரிச்சலா இருக்கே, என்ன பண்றது? எடுத்துத்தான் ஆகணும்."

அவள் போனபிறகு மனைவி பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்டாள். "என்னங்க, ரெண்டு கண்ணையும் மூடினா காது திறந்திருக்குமோ?"

"ஒரு வேகத்துல எழுதிட்டேன்."

"அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. ஸ்டீயரிங் உங்க கையில இருக்கு."

திங்கட்கிழமை இரண்டு பேருக்கு வலது கண்ணின் லென்ஸை இடது கண்ணுக்கு எழுதிவிட்டு, அப்புறம் கண்டுபிடித்துத் திருத்தினார். செவ்வாய்க்கிழமை முழுக்கத் தன்னைத் தானே திட்டிக்கொண்டார். புதன்கிழமை கடையைச் சாத்தியதும் பரிசோதனை அறையில் உட்கார்ந்து ஆட்டத்தைத் திரும்ப வாங்கினார். டப்பாவைத் திறக்கவில்லை.

விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. குடைக்காரன் வந்தான், குடையைக் காணோம் என்றான், ஜோக் சொன்னான். "ஒருத்தர் வந்தாரு, என் குடையில ஒரே ஓட்டைன்னாரு. ஒரே ஓட்டைதானே, மத்த இடத்துல நனையாம நிக்கலாமேன்னு சொல்லி அனுப்பிட்டேன்." அவர் முகத்தைச் சுளித்தார். இதை எங்கேயோ கேட்ட மாதிரியும் இருந்தது. இரண்டாவது மழையில் அவன் வராமல் இருக்க மாட்டானா என்று பார்த்தார், வந்தான். மூன்றாவது மழையின் கடைசியில் மழை நின்றது. அந்த ஊரில் முதல் தடவையாக வெயில். யாருக்கும் குடை வேண்டாம், கடைக்கு ஓர் ஆள் இல்லை. தெரு காலியாகக் கிடந்தது. சட்டென்று அவருக்கு, அந்த ஆளாவது வரக்கூடாதா என்று இருந்தது.

வந்தான். கொளுத்துகிற வெயிலில், விரித்த குடையோடு. "என் குடையைக் காணோம், இங்க விட்டுட்டுப் போனேனா?"

மூன்று மழைக்காலமாக வாயே திறக்காத கடைக்காரப் பெண், திறப்பு வழியாகச் சொன்னாள்: "தலைக்கு மேல இருக்கு பாருங்க."

குடை மெல்ல மடங்கியது. அடியில் முன்வழுக்கை விழுந்த ஒரு மனிதர். அவர் நெற்றியின்மேல் ஒரு மூக்குக் கண்ணாடி.

கண்ணாடிக் கடைக்காரர் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் மச்சினி அவர்கள் வீட்டுக்கு வந்து ஏழு மாதம் இருந்தாள். வேலை போய், கூடவே பேச்சும் போய், பின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். மனைவி சாப்பாட்டை வாசலில் வைத்தாள். அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் நிஜமாகவே மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டுக் கதவைத் தட்டி, "என் கண்ணாடியைக் காணோம், உள்ள இருக்காம்மா?" என்று கேட்டார். மறுநாள் தொலையவில்லை, இருந்தாலும் தட்டினார். அதற்கு அப்புறம் தினமும். பதில் வராது. வராவிட்டால் என்ன என்று வாசலிலேயே உட்கார்ந்து, கடைக்கு அன்றைக்கு வந்தவர்களைப் பற்றி ஏதாவது ஒரு கடி ஜோக் சொல்லிவிட்டுப் போவார். ஒரே கீறல்தானே, மற்ற இடத்தால் பார்க்கலாமே என்று சொல்லி அனுப்பினேன் என்பதெல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் உள்ளே இருந்து குரல் வந்தது: "நெத்தியில இருக்கும் பாருங்க மாமா."

அவள் கண்ணாடியைக் குடையாக மாற்றி வைத்திருந்தாள். அவ்வளவுதான் மாற்றம். அதற்கே அவருக்குத் தன்னைத் தெரியவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் தன்னோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறார், சகிக்கவில்லை. காசைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவளோ ஏழு மாதம் கேட்டிருக்கிறாள்.

மணி மூன்றரை. கடையை எப்போது திறந்தார் என்பதே நினைவில்லை. எதிர் நாற்காலியில் ஒரு தையல்காரர், கண்ணில் மருந்து விட்டு, இமையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் ஃபோனை எடுத்தார். வைத்தார். எடுத்தார்.

"சார்," என்றார் தையல்காரர், கண்ணைத் திறக்காமலே. "மூணு தடவ நம்பரைத் தட்டிட்டுக் கட் பண்ணிட்டீங்க. கண்ணுதான் மூடியிருக்கு, காது திறந்துதான் இருக்கு. யாரா இருந்தாலும் பேசிடுங்க. எனக்கும் வேற வேலை இருக்கு."

நான்காவது தடவை பேசிவிட்டார்.

"மாமா, சொல்லுங்க. ஏத்துற அவசரத்துல இருக்கேன்."

"அந்தக் குடைக்காரனை எடுக்காத."

"அதான் பேசிட்டோமே…"

"அதை எழுதினது நான்தாம்மா."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

"மூணாவது மழை தாண்டினேன்னு சொன்னது பொய். முதல் மழையிலயே திருப்பிக் குடுத்துட்டேன். ஓசியில வேணாம்னு சத்தமா சொல்லிட்டு, அப்புறம் ஓசியிலதான் ஆடியிருக்கேன். இன்னிக்குத்தான் திரும்ப வாங்கி ஆடினேன். நான்னு எனக்குத் தெரியலம்மா."

வெகுநேரம் ஒன்றும் இல்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதும் தெரியும், பேச மாட்டார்கள் என்பதும் தெரியும். அந்த மாதிரி மௌனம். அவருக்குப் பழகிய மௌனம்தான். ஆனால் அப்போது இவர் எந்தத் தப்பும் செய்திருக்கவில்லை.

"எவ்வளவு நேரம் ஆடினீங்க?"

"பழைய கணக்கையும் சேத்தா ரெண்டு மணி நேரம் தாண்டிடுச்சு. இனிமே திருப்பிக் குடுக்க முடியாது."

"சரி மாமா," என்றாள். வைத்துவிட்டாள்.

நான்கு மணிக்கு ஒன்றும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஒரு புது அறிவிப்பு வந்தது: 'வாடிக்கையாளர் ஒருவர் கேட்டுக்கொண்டபடி, குடைக்காரரின் வாயை மூட ஒரு பொத்தான் சேர்க்கப்பட்டுள்ளது.'

அவர் அதை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். குடைக்காரர் பேசவில்லை. மழையில் திறப்புக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்றார், குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது, போய்விட்டார். ஆட்டத்தில் மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும். பேசாமல் வந்து பேசாமல் போனார். கண்ணாடிக்காரர் மவுஸை எடுத்தார். பொத்தானைத் திரும்ப அமுக்கி அவரைப் பேச விட்டு, அந்த அறுவையை முழுசாகக் கேட்டு முடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சினி வரவில்லை. மனைவி ஒன்றும் சொல்லாமல் இரண்டு தட்டை மட்டும் வைத்தாள். சொல்லியிருந்தாலாவது தேவலை என்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அக்காவோடு டிரைவிங் ஸ்கூல் கதை பேசினாள், சிரித்தாள், சோறு போட்டுக்கொண்டாள். அவர் பக்கம் திரும்பவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த இரண்டு ஜோக்கைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினார். மோரை ஊற்றியபோது, தட்டைப் பார்த்துக்கொண்டே மச்சினி கேட்டாள்.

"என்ன மாமா, யாராவது பொத்தானை அமுக்கிட்டாங்களா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்ட மாதிரி லேசாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"இல்லம்மா," என்றார், நெற்றிமேல் இருந்ததை மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டே. "என் கண்ணாடியைக் காணோம். இங்க எங்கயாவது பார்த்தியா?"

மச்சினி தட்டிலிருந்து நிமிர்ந்து அவர் நெற்றியைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் அவரைத் தேடவிட்டாள்.